மூன்று கிழமை அப்பாவின் கார்

எனக்கு இருபத்துநான்கு வயதாக இருந்தபோது என்னிடம் ஒரு மஞ்சள் கார் இருந்தது. அமெரிக்காவில் செய்தது, எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு, நீண்ட மூக்கு. அதற்கும் என்னுடைய வயதுதான். எந்தக் கம்பனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்கிற ஆண்கள் எல்லாரும் எந்த வருடம், எத்தனை குதிரைவலு, இப்போது வைத்திருந்தால் என்ன விலைக்குப் போகும் என்று தொடங்கிவிடுவார்கள். அந்தக் காரை ஆறு வருடம் ஓடினேன். அந்த ஆறு வருடத்தில் மூன்று கிழமை, ஏறக்குறைய இருபது நாள், மட்டும் அது அப்பாவுடைய காராக இருந்தது. எனக்குப் பேசிவந்த ஒரு கலியாணம் குழம்பியது அந்த மூன்று கிழமையின் முடிவில்தான். அதைப் பற்றி இப்போது கோபமில்லாமல் எழுதலாம் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கராஜின் முன்மேசையில் வேலை செய்தேன். தொலைபேசி எடுப்பது, நேரம் கொடுப்பது, பில் அடிப்பது. வாடிக்கையாளர்களுக்குக் காரில் என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. அதனால் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் கர்ர் என்பார், இன்னொருவர் டொக் டொக் என்பார். படித்த ஆட்கள், பெரிய உத்தியோகத்தர்கள், ஒருமுறை ஒரு கோயில் ஐயர்கூட, எல்லாரும் தொலைபேசிக்குள் இருந்து கார் மாதிரி உறுமினார்கள். நான் கேட்டுவிட்டு இது பெல்ற், இது பேரிங், இது வெறும் பயம் என்று கடதாசித் துண்டில் எழுதி உள்ளே கொடுப்பேன். முதல் வருடம் மெக்கானிக்மார் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் என் துண்டைப் பார்த்த பிறகுதான் பொனற்றைத் திறந்தார்கள். வேறு எந்த விஷயத்திலும் எனக்கு விசேஷமான கெட்டித்தனம் இருந்ததில்லை. காது மட்டும் நன்றாக வேலை செய்தது.

அந்த மஞ்சள் காரையும் நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன். அது கராஜுக்குள் வந்தபோது என் மேசையில் இருந்த தேநீரில் சின்ன வட்டங்கள் எழுந்தன. ஒரு இத்தாலியக் கிழவர் அதை ஓடிக்கொண்டு வந்தார். முழங்கால் வருத்தம், இனி இறங்கி ஏற முடியாது, மனைவியும் பேசுகிறார், விற்கப்போகிறேன் என்றார். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாங்கியிருக்கமாட்டேன், அதனால் யோசிக்காததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் வாசலுக்கு அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அப்பா கீழே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தொடவில்லை. "ரெண்டு கதவோ? மற்ற ரெண்டும் எங்கை?" என்றார். அப்பா பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஓடுகிறவர். நாற்பத்தைந்து வயதில் கனடாவுக்கு வந்து கார் பழகியவர். சாம்பல் நிறத்தில் ஒரு நாலு கதவுக் கார் வைத்திருந்தார். அது ஓடுகிறதா நிற்கிறதா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தன்னைப் பற்றியும் அப்படி ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதுதான் மரியாதை என்று அவர் நினைத்தார். நான் அவருடைய ஒரே பிள்ளை.

முறைப்படி கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் பொனற்றில் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, மெல்லமாக ஏற்றச் சொன்னார். மெல்லமாக என்பது அந்தக் காருக்கு விளங்குகிற விஷயமில்லை. நான் காலை வைத்ததும் பின்சக்கரம் ஒருமுறை சுழன்றது. ஒரு எலுமிச்சம்பழம் பின்னால் பறந்து, தன் புதுக் காரோடு அடுத்ததாக நின்ற ஒருவரின் வேட்டியில் பட்டது. அவர் கோபப்படவில்லை. "நல்ல இழுவை" என்றார். 

இப்போதும் எனக்கு அந்தக் காரின் ஒவ்வொரு இடமும் ஞாபகம் இருக்கிறது. சீற்றின் கறுப்பு ரெக்ஸின் உறை வெயிலில் சுட்டது. இடப்பக்க யன்னல் பாதிக்கு மேல் ஏறாது. மைல் கணக்கில் வேகம் காட்டுகிற முள், அதைப் பார்த்து நான் மனதுக்குள் கிலோமீற்றராக மாற்றுவேன். கோடையில் வேலை முடிந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸ்வரை போய்த் திரும்புவேன். ஒரு காரணமும் இல்லாமல். அம்மா சீற்பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெல்லப் போ, மெல்லப் போ" என்பார். முன்னால் பாதை வெளித்ததும் குரலைத் தாழ்த்தி, "இஞ்சை ஆக்களில்லை, கொஞ்சம் விட்டுப் பார்" என்பார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "உது என்ன சனியன் கார், குடலெல்லாம் கலங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாட்டுப் பாடுவார்.

அதை ஸ்ராட் பண்ணுவதற்கு ஒரு முறை இருந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்தால், திறப்பைச் சாவித் துவாரத்தில் போட்டுத் திருப்ப முதல் அக்சிலேற்றரை இரண்டு தரம் அடிவரை மிதிக்கவேண்டும். பிறகு காலை முழுதாக எடுத்துவிடவேண்டும். அதன் பிறகுதான் திறப்பு. ஒரு தரம் மிதித்தால் பெற்றோல் போதாது. மூன்று நாலு தரம் மிதித்தால் பெற்றோல் கூடிப்போய் எஞ்சின் நனைந்துவிடும். சூடாக இருந்தால் ஒன்றும் தேவையில்லை, திறப்பைத் திருப்பினாலே பிடிக்கும். இன்னொன்று, நன்றாகச் சூடாகமுதல் வெளிக்கிட்டால் சிவப்பு விளக்கில் நின்றுவிடும். நிற்காமல் இருக்க இடக்காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலக்காலால் அக்சிலேற்றரை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். வாங்கிய முதல் கிழமையே இதெல்லாம் என் காலுக்குப் பழகிவிட்டது.

முதல் குளிர்காலத்தில் இன்னொரு பிரச்சினை வந்தது. பின்சக்கரம் தள்ளுகிற கார் அது. பாரம் முழுக்க முன்னால், பின்பக்கம் வெறுமை. ஸ்நோ விழுந்தால் பின்பக்கம் தன்பாட்டுக்குத் திரும்பிப் போகப் பார்க்கும். டிக்கிக்குள் மண்மூட்டை வைக்கச் சொன்னார்கள் மெக்கானிக்மார். அம்மாவிடம் சொன்னேன்.

"மண்ணைக் காசு குடுத்து வாங்கிறதோ? உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. அடுத்த நாள் தமிழ்க்கடையில் ஆறு மூட்டை அரிசி வாங்கி டிக்கிக்குள் ஏற்றவைத்தார். பாரத்துக்குப் பாரம், சாப்பாட்டுக்குச் சாப்பாடு. ஒரு மூட்டை மேலே வந்தால் புதிதாக ஒன்று கீழே போகும். தன் புத்தியைப் பற்றி அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. கார் நேராக ஓடியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் டிக்கிக்குக் கீழேதான் பெற்றோல் தாங்கி இருந்தது, அதன் மூடி இறுகுவதில்லை. ஒரு மாதத்தில் அரிசியில் மணம் ஏறிவிட்டது. அம்மா ஐந்து தரம் கழுவினார், ஊறவிட்டார், வாசனைக்குக் கராம்பும் ரம்பையும் போட்டார். அப்பா தட்டின் முன்னால் இருந்து, "நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகாதை" என்றார். அது அவருடைய பகிடி. வருடத்துக்கு ஒன்று சொல்வார். ஆறு மூட்டையை எறிய அம்மாவுக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமையில் எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியே எங்காவது சாப்பிட்டால்தான் சோற்றில் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

கார் வாங்கினால் சுதந்திரம் என்று நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. பஸ்ஸில் திரிந்த காலத்தில் நான் எங்கே போகிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்காபரோவில் இப்படி ஒரு மஞ்சள் கார் வேறு இல்லை. எந்தப் பிளாசாவில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் போனது, பக்கத்தில் யார் இருந்தது என்பதெல்லாம் நான் வீடு வருவதற்கு முன்னமே அம்மாவுக்கு வந்துவிடும். எங்கள் ஆட்களுக்குத் தொலைபேசியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யாரென்று தெரியவில்லை, அவருக்குப் புண்ணியம் கிடைக்காது.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் மிஸிசாகாவில் இருந்தார்கள். சாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்தியது. அவர் ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் வேலை. படம் பார்த்தாயிற்று, இரண்டு பக்கமும் விருப்பம், இனிக் கதைத்துப் பார்க்கட்டும் என்று தொலைபேசி இலக்கம் கொடுத்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்த நாட்களில் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் என்ன கதைப்பது என்று தெரியாமல், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்ன கறி என்றார். அதையும் சொன்னேன். ஒவ்வொரு கறியாகக் கேட்டுக்கொண்டு போய், கடைசியில் அப்பளத்தில் நின்று, தாங்க முடியாமல் தானே சிரித்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வருமுன் மூக்கால் ஒரு காற்று வரும். அதைத் தொலைபேசியில் கேட்டதுமே இந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. என் காதை நான் நம்புகிறவள்.

ஒரு ஞாயிறு பகல் மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் சத்தமாகக் கதைக்கிறவர், அந்தப் பக்கமும் எனக்குக் கேட்டது.

"ஒண்டும் நினைக்காதையுங்கோ. உங்கட பிள்ளை ஒரு மஞ்சள் ரேஸ் கார் ஓடித் திரியிறா எண்டு ஒராள் சொல்லிச்சுது. உண்மையோ?"

அப்பா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். மகன் ஒருவன் இருந்திருந்தால் மகனுடைய கார் என்றிருப்பார்.

"அதோ? அது என்ர கார். பிள்ளை இடைக்கிடை கடைக்குக் கொண்டு போறவ."

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் கதிரையில் போய் இருந்தார். அம்மாதான் சொன்னார்: "அப்ப இனி நீங்கள்தான் ஓடவேணும். ஆக்கள் பாக்கத்தக்கதா."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்காக இல்லை. கலியாணப் பேச்சில் எல்லாரும் கொஞ்சம் பொய் சொல்லுவார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்காமல், நான் வெங்காயத்தோடு ஐந்தடி தூரத்தில் நிற்கும்போது, 'என்ர கார்' என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்காக. கேட்டிருந்தால் ஓமென்றிருப்பேன். அந்த மூக்குக் காற்றுக்காகக் காரையே கொடுத்திருப்பேன். அன்று பின்னேரம் மாப்பிள்ளை கூப்பிட்டு, "உங்கட அப்பா நல்ல ஸ்ரைலான ஆள் போல" என்றபோது நானும், "ஓம், அவருக்குக் கார் எண்டால் விருப்பம்" என்றேன். ஆக, நானும் சுத்தமில்லை.

அப்பா திறப்பைக் கேட்டார், கொடுத்தேன். எப்படி ஸ்ராட் பண்ணுவது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் நாள் கீழே போனவர் கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "பற்றறி வீக் போல கிடக்கு" என்றார். நான் கீழே போய், இரண்டு தரம் மிதித்து, ஸ்ராட் பண்ணி, சூடாக்கி, வாசலுக்குக் கொண்டுவந்து விட்டேன். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை பிளாசா என்று ஊர் பார்க்கவேண்டிய இடங்களுக்கு மட்டும் அவர் அதை ஓடினார். திருநீற்றுப் பூச்சும் குளிர்த்தொப்பியுமாக, ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, முப்பது கிலோமீற்றரில். திரும்பி வரும்போது எஞ்சினில் சூடு இருக்கும், திறப்பைத் திருப்பினாலே பிடித்துவிடும். அதனால் கார் தனக்கு வசப்பட்டுவிட்டது என்று நினைத்தார். அவர் அப்படி நினைப்பதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று அப்போதே தெரியும்.

மூன்றாவது கிழமை, ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் சாப்பிட வந்தார்கள். தகப்பனார், தாயார், மாப்பிள்ளை, ஒரு மாமா, மாமி, ஐந்து பேர். சாப்பிட்டுவிட்டு எல்லாருமாகக் கோயிலுக்குப் போய் இரண்டு பேருடைய பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு நாள் பார்ப்பது என்று ஏற்பாடு. அம்மா மூன்று மரக்கறி, இரண்டு இறைச்சி சமைப்பதாக இருந்து, கோயில் என்றபடியால் ஏழு மரக்கறியாக மாற்றினார். அவ்வளவு யோசித்தவர், அந்தக் குளிர்காலத்துக்கும் டிக்கியில் ஏற்றிவைத்திருந்த அரிசியை யோசிக்கவில்லை. எங்களுக்குத்தான் அந்த மணம் தெரியாமல் போயிருந்ததே.

மாப்பிள்ளையின் தாயார் முதல் பிடியை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினார். "சோத்தில ஏதோ ஒரு மணம் வருதே, தங்கச்சி?"

"அது புதுசா வந்த அரிசி, அக்கா. மணக்கிற இனம்" என்றார் அம்மா, கண் இமைக்காமல். அப்பாவும் நானும் தட்டைப் பார்த்தோம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மூக்கால் அந்தக் காற்று வந்தது. அந்த நேரம் என் வாழ்க்கை சரியாகிவிட்டது என்றே நான் நினைத்தேன்.

வெளிக்கிடும் நேரம் தகப்பனார் அப்பாவின் தோளில் கையைப் போட்டார். "அண்ணை, உங்கட காரில ஒருக்காப் போவம். எனக்கும் பாக்க ஆசையாக் கிடக்கு." அப்பாவால் மறுக்க முடியவில்லை. நான் சேலையோடு கீழே போய் ஸ்ராட் பண்ணினேன். வெளியே நல்ல குளிர். பத்து நிமிடம் சூடாக்கியிருக்கவேண்டும். மேலே மாப்பிள்ளை இருந்தார், கெதியில் திரும்பிப் போகவேண்டும் என்று எனக்கு அவசரம். இரண்டு நிமிடத்தில் வாசலில் விட்டுவிட்டு லிஃப்ற்றுக்கு ஓடினேன்.

மாப்பிள்ளை, மாமாவையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு தன் காரில் முன்னால் போய்விட்டார். எங்கள் காரில் அப்பா ஓட, பக்கத்தில் தகப்பனார். பின்னால் முதலில் அம்மா குனிந்து ஏறி அந்தத் தொங்கலுக்கு, மற்ற யன்னலோரம், போனார். "நான் பிள்ளைக்குப் பக்கத்தில இருக்கிறன்" என்று தாயார் நடுவில் ஏறினார். கடைசியாக நான், அப்பாவின் சீற்றுக்கு நேர் பின்னால். மூன்று பட்டுச் சேலை, இரண்டு பேருக்கான இடம். கதவைச் சாத்தியதும் தாயார் மூக்கைச் சுருக்கினார்.

மார்க்கம் ரோட்டில் இடப்பக்கம் திரும்புகிற பாதையில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். எஞ்சின் நடுங்குவது என் காலுக்குக் கீழே தெரிந்தது. அக்சிலேற்றரைத் தொடுங்கோ அப்பா என்று மனதுக்குள் சொன்னேன். அவருக்கு அது தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. கார் ஒருமுறை குலுங்கி நின்றது. விளக்குப் பச்சையானது.

அப்பா திறப்பைத் திருப்பினார். பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினார். பிறகு மிதிக்கத் தொடங்கினார். மூன்று, நாலு, ஐந்து, ஆறு. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். காருக்குள் பெற்றோல் மணம் எழும்பியது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"பெற்றோல் இருக்கோ, அண்ணை?" என்றார் தகப்பனார்.

"இந்த மணம்தானே மத்தியானச் சோத்திலயும் வந்தது" என்றார் தாயார், ஒருவரையும் பார்க்காமல். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் இந்தக் கலியாணம் இல்லை. திறக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பற்றறி இறங்கும், யாராவது லொறியோடு வந்து இழுத்துப்போவார்கள், பழைய கார்தானே என்று அப்பா சொல்லுவார், எல்லாரும் சிரிப்பார்கள், அர்ச்சனை நடக்கும். அந்த மனிதரோடு நான் ஒரு வீட்டில் இருப்பேன். பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே பேசாமல் இருந்தேன்.

அப்பா விடவில்லை. மிதித்தார், திருப்பினார். முன்னால் அவருடைய காது சிவந்திருந்தது. ஸ்ராட் பண்ணுகிற மோட்டரின் குரல் இழுபடத் தொடங்கியது. பிறகு பற்சக்கரங்கள் பல்லோடு பல் உரசுகிற ஒரு சத்தம் கிளம்பியது. கராஜில் அந்தச் சத்தத்தைக் கேட்டால் உள்ளேயிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நியாயம் அநியாயம் என்றெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா, விடுங்கோ. இறங்குங்கோ."

கண்ணாடியில் அவருடைய கண் என்னைப் பார்த்தது. "இரு பிள்ளை" என்றார், மெதுவாக. அந்தக் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

"இறங்குங்கோ அப்பா."

இறங்கினார். சீற்றை மடித்துப் பிடித்தார். நான் சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் குனிந்து உள்ளே போய் நான் இருந்த இடத்தில், மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்தில், முழங்கால் நாடியில் முட்ட ஒடுங்கி இருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். நனைந்த எஞ்சினுக்கு வேறு முறை. அக்சிலேற்றரை முழுதாக அமத்தி அப்படியே பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். இருபதுவரை எண்ணிவிட்டுத் திருப்பினேன். இருமியது, இன்னொருமுறை இருமியது, பிறகு எட்டுச் சிலிண்டரும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. பின்னால் கறுப்புப் புகை. கார் முழுதும் அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன். நானாகச் சிரிக்கவில்லை, அது வந்தது. தகப்பனார் பக்கத்தில் இருந்து பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். கார் ஓடத் தெரிந்த மருமகளை அவர் பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படிச் சிரிக்கிற ஒருத்தியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

கோயில் வாசலில் மாப்பிள்ளை நின்றார். நான் வெறுங்காலோடு ஓட்டுநர் பக்கத்தால் இறங்குவதையும், எனக்குப் பின்னால் அப்பா கையூன்றி வெளியே வருவதையும் பார்த்தார். அவருடைய முகம் முதலில் சிரிக்கத்தான் போனது. பிறகு தன் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அர்ச்சனை நடந்தது. ஐயர் இரண்டு பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னார். அவ்வளவுதான் நாங்கள் சேர்ந்திருந்த நேரம்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. தங்கள் ஐயர் சாதகத்தைத் திரும்பப் பார்த்தாராம், ஒரு பொருத்தம் பிழைக்கிறதாம். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொல்லுகிற மரியாதையான முறை அது. கிரகங்கள் மறுத்துப் பேசுவதில்லை. அப்பா, "ஓம்... ஓம்... பறவாயில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தார். அம்மா அழுதார். மாப்பிள்ளை தானாக ஒருமுறை கூப்பிடுவார் என்று இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. எனக்கு நன்றாகவே நொந்தது. கராஜில் யார் எப்படி உறுமினாலும் அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, துண்டில் பிழை பிழையாக எழுதினேன்.

அப்பா காரை விற்கச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். திறப்பு இன்னும் அவரிடம்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "கீழை வா" என்றார். நிலக்கீழ் பார்க்கிங்கில் ஓட்டுநர் இடத்தில் ஏறி இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்ரேறிங்கில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தினை தரம் மிதிக்கிறது?"

"ரெண்டு. பிறகு காலை எடுத்துப்போட வேணும்."

இரண்டு தரம் மிதித்தார். காலைத் தூக்கி, நான் பார்க்கத்தக்கதாகக் காற்றில் பிடித்தார். திறப்பைத் திருப்பினார். முதல் தரமே பிடித்தது. பக்கத்தில் நின்ற யாருடையதோ காரின் அலாரம் அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தம் ஓயும்வரை இருந்தார்.

"இதை நீ முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்கள் கேட்டிருக்கலாம்" என்றேன்.

அந்தச் சம்பந்தத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது அவ்வளவுதான். அவர் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றி என் கையில் தந்தார். "உன்ர கார்" என்றார். அதன் பிறகு, ஆரும் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரோ கோயிலில் கண்டவரோ, "அது மகளின்ர" என்று முந்திக்கொண்டு சொல்லுவார். சிலவேளை கேட்காதவர்களுக்கும் சொன்னார். அந்தப் பதில் எனக்கு எத்தனை சம்பந்தங்களை இல்லாமல் செய்தது என்று தெரியவில்லை. சனிக்கிழமைகளில் தானே கீழே போய், ஸ்ராட் பண்ணி, பத்து நிமிடம் உள்ளே இருந்து கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு வருவார். எங்கும் ஓடமாட்டார்.

கடைசியில் காரை முடித்தது உப்பு. ஸ்நோ உருகவென்று ரோட்டில் போடுகிற உப்பு அடித்தட்டைத் தின்று, ஒரு நாள் என் காலுக்குக் கீழே தார் தெரிந்தது. ஒஷாவாவில் ஒருவர் எஞ்சினுக்காக வாங்கிப்போனார். நான் அழவில்லை. அப்பா அன்று கோயிலுக்குப் போகவில்லை. பிறகு முப்பத்திரண்டு வயதில் எனக்குக் கலியாணம் நடந்தது. அவர் நல்ல மனிதர், நெடுஞ்சாலையில் கார் ஓடப் பயம், எப்போதும் நான்தான் ஓடுவேன்.

இப்போது அஜக்ஸில் இருக்கிறோம். அம்மா இல்லை. அப்பா எங்களோடு. எண்பதைத் தாண்டிவிட்டார். கொஞ்சம் மறதி. நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை, என் மகளின் பெயர் சில நாட்களில் வருவதில்லை. இந்தக் கதையைக் கேட்டால் சொல்லுவாரோ தெரியாது. நானும் கேட்கவில்லை. என்னிடம் இருப்பது மின்சாரக் கார். ஒரு பொத்தானை அமத்தினால் சரி, சத்தம் என்று ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவரை ஸ்காபரோவுக்கு டொக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான். பக்கத்து சீற்றில் ஏற்றி, பெல்ற் போட்டுவிட்டு, நான் வந்து இருப்பேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு குளிர்ச் சப்பாத்துப் போட்ட வலக்காலால் தரைவிரிப்பை இரண்டு தரம் மிதிப்பார், அடிவரை. காலைத் தூக்கிக் காற்றில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அவர் காலைத் தூக்கும்வரை நான் பொத்தானைத் தொடுவதில்லை.